இரண்டு மணிக்கு மூடிய கதவு

வாருங்கள், தோழர்களே, இந்தக் கதவின் முன் சற்று நின்று பாருங்கள். மொன்ட்ரியால் நகர நடுவே ஒரு பெரிய அரங்கு. அதன் மூடிய கதவுக்கு வெளியே, பட்டுச் சேலைக்கு மேல் பனிக்கோட்டு அணிந்தபடி செல்வமலர் நிற்கிறாள். உள்ளே அவளுடைய ஒன்பது வயது மகள் சாருஜா, நத்தார் என்னும் கிறிஸ்துமஸ் காலப் பாலே நடனத்தில் ஆட மேடையேறுகிறாள். கதவைச் சாத்தியவள் அரங்கின் பணிப்பெண் என்று எண்ணிவிடாதீர்கள்.

செப்டெம்பர் முதல் சாருஜா சுண்டெலி வேடத்துக்குப் பயின்று வந்தாள். சிறுவர்கள் முறை வைத்து ஆடுவார்கள். அவளுடைய முறை இந்த ஒரு ஞாயிறு பிற்பகல் மட்டுமே. அதுவும் முதற்பாதியில் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்காக, புவாண்ட்-கிளேர் களஞ்சியமொன்றில் பெட்டி கட்டும் செல்வமலர், மூன்று ஞாயிறுகள் பிறருக்காக வேலை செய்து இந்த ஒரு நாளைப் பெற்றிருந்தாள்.

அன்று காலை நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் ஒரு சாமத்தியச் சடங்கு. பூப்பெய்தியவள் கணவன் சிவராசாவின் தங்கை பாலாம்பிகையின் மகள். தாய்மாமனும் மாமியும் இன்றி அச்சடங்கு நடவாது. அழைப்பிதழில் ஒன்பது மணி என்று பொன்னெழுத்தில் இருந்தது. மகளை அவள் தோழியின் தாயோடு அரங்குக்கு அனுப்ப ஒழுங்கு செய்துவிட்டு, எட்டே முக்காலுக்கே இருவரும் மண்டபம் சேர்ந்தார்கள். அங்கே நாற்காலி அடுக்குபவர் ஒருவர் மட்டும் இருந்தார்.

சடங்கு வேண்டுமா என்பது வேறு வழக்கு. அதை வேறொரு மேடையில் பேசுவோம். மணி பன்னிரண்டு ஆயிற்று; சடங்கு இன்னும் தொடங்கவில்லை.

"மச்சாள், சாருஜாவுக்கு ரெண்டு மணிக்கு ஆட்டம். நாங்கள் ஆலாத்தியை எடுத்துப்போட்டு ஓடட்டே?"

"பிள்ளையைத் தூக்கிவாற பல்லக்கே இன்னும் வரேல்லை, மச்சாள்," என்றாள் பாலாம்பிகை. "மாமி போனா ஆர் ஆலாத்தி எடுக்கிறது? சனம் என்ன கதைக்கும்?"

சிவராசா சிரித்தான். "நீ ஏன் பதறுறாய்? ரெண்டு எண்டா மூண்டுக்குத்தான் துவங்குவாங்கள்."

"அது எங்கட ஆக்கள். இவை வெள்ளையள்."

"வெள்ளையளுக்கும் பிரதம விருந்தினர் வரத்தானே வேணும்?"

ஒரு மணிக்குப் பல்லக்கு வந்தது. பூப்பெய்தியவளுக்கு முன் ஆலாத்தித் தட்டைச் சுற்றும்போதும் செல்வமலரின் கண் சுவர் மணிக்கூட்டிலேயே இருந்தது. வீடியோக்காரன் மீண்டும் ஒருமுறை சுற்றச் சொன்னான், சுற்றினாள். அரங்கை அவர்கள் அடைந்தபோது இரண்டு மணி பத்து.

"தெசோலே, மதாம்," என்று மன்னிப்புக் கேட்டாள் பணிப்பெண். இடைவேளை வரை எவரையும் உள்ளே விட முடியாதாம்.

"மா ஃபீய்... என்ர பிள்ளை ஆடுது," என்றாள் செல்வமலர். கும்பிட்ட கைகளைப் பார்த்து அந்தப் பெண்ணும் கலங்கினாள். ஆயினும் விதியை மீறாமல், சுவரிலிருந்த திரையைக் காட்டினாள்.

ஒலியற்ற திரை. அதில் எட்டுச் சுண்டெலிகள் ஓடி வந்தன. எட்டுக்கும் ஒரே சாம்பல் நிற முகமூடி.

"எது எங்கட பிள்ளை?"

"இடப்பக்கம் மூண்டாவது எண்டு நினைக்கிறன்."

"நினைக்காதேங்கோ. தெரிஞ்சாச் சொல்லுங்கோ."

எட்டையும் மாறி மாறிப் பார்த்த செல்வமலர் எதையும் முழுமையாகக் காணவில்லை. மேடையில் காகிதப் பனி கொட்டத் தொடங்கியது. சுண்டெலிகள் போய்விட்டன.

பின்பாதியைத் தங்கள் இருக்கையில் அமர்ந்து பார்த்தார்கள். அதில் சாருஜா இல்லை.

"மாஸ்க் ஓட்டைக்குள்ளால பாத்தனான், மம்மா," என்றாள் வெளியே வந்த பிள்ளை. "ரெண்டு சீட்டும் வெறுமையாக் கிடந்தது."

"டீவியில பாத்தம், குஞ்சு. வடிவா ஆடினாய்," என்றான் சிவராசா.

"நான் எதில நிண்டனான்?"

தாய் தலை குனிந்தாள். தந்தை கார்த் திறப்பைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவினான். சாருஜா தாயின் கையைப் பற்றினாள்.

"செ கொரெக்ட், மம்மா, பரவாயில்லை. தமிழாக்கள் லேட்டாத்தானே வாறவை."

கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். மழை பெய்யும் என்பதுபோல, மாற்ற முடியாத இயற்கையைச் சொல்வதுபோல அந்தப் பிள்ளை சொன்னாள். அதற்கு உங்களிடம் மறுமொழி இருக்கிறதா?

இருந்தால் செயலில் காட்டுங்கள். அடுத்த அழைப்பிதழில் மெய்யான நேரத்தை அச்சிடுங்கள். அந்த நேரம் வந்ததும், முன்வரிசை முழுதும் காலியாக இருந்தாலும், எவருக்காகவும் காத்திராமல் விளக்கை ஏற்றுங்கள்.