எதுக்கு எது சேரும்

அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த கையோடு அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஊறுகா எங்க?" என்பதுதான்.

யசோதரா அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத் தலையோடு உள்ளே வந்தாள். அப்பா வேலாயுதம் கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு பியூலா செய்து கொண்டுவந்திருந்த தக்காளி பாத் அவர் தட்டில் இருந்தது. சாவு வீட்டில் இன்றைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம் என்று அவளே வந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அப்பாவுக்கு எழுபத்து நாலு வயது, சர்க்கரை வேறு. இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பசிக்காதா என்ன? இதெல்லாம் யசோதராவுக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லெமன் எடுக்காத. பாத்துக்கு லெமன் சேராது. ஆவக்கா எடு" என்றார் அப்பா.

எதுக்கு எது சேரும் என்பதில் அப்பாவிடம் ஒரு சட்டமே இருந்தது. தயிர்சோற்றுக்கு எலுமிச்சை. தக்காளி பாத்துக்கு ஆவக்காய். உப்புமாவுக்கு இஞ்சித் தொக்கு. களிக்கு ஊறுகாயே கூடாது, கீரை மசியல்தான். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி வைத்தால் தட்டை அப்படியே தள்ளிவிடுவார், காரச் சட்னி வந்த பிறகுதான் கை வைப்பார். இது மைன்ஸில், தங்கச் சுரங்கத்தில், வந்த பழக்கம் என்று அவரே சொல்வார். அடி லெவலில் உடம்பில் இருக்கிற உப்பெல்லாம் வேர்வையாக ஓடிவிடுமாம். டிபன் பாக்ஸில் ஊறுகாய் இல்லாமல் கேஜ் கூண்டில் இறங்கியவன் ஷிப்ட் முடிவதற்குள் சுருண்டு விழுவானாம். சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்கு ஊறுகாயை மாற்றி மாற்றித் தின்று பார்த்து, எதுக்கு எது என்று அங்கேயே முடிவு கட்டினார்களாம். மைன்ஸ் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த வீட்டில் மட்டும் அந்தச் சட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

யசோதரா சமையலறைக்குள் போனாள். சுவர்ப் பலகையில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அப்பாவின் நான்கு பாட்டில் மூடிகளிலும் அம்மா ஆணியால் 3126 என்று கீறி வைத்திருந்தாள். அது அவருடைய டோக்கன் நம்பர். சுரங்க ஷாஃப்டில் இறங்கும்போது பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு போய், ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். டோக்கன் திரும்பி வராவிட்டால் ஆள் உள்ளேயே இருக்கிறான் என்று அர்த்தம். ஓரமாகத் தள்ளி நின்ற, தம்பி பாரியின் காலிப் பாட்டில் மூடியில் ‘பா’. அவள் மூடியில் ‘ய’. அவளுக்குப் பூண்டுத் தொக்கு. ஒயிட்பீல்டில் வேலை. விடியற்காலை ரயிலில் சப்பாத்தியைச் சுருட்டி அதோடு தின்றுகொண்டே போவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா அந்தப் பாட்டிலை நிரப்பி வைப்பாள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான், பாட்டிலில் அடி தெரிந்தது.

ஆறு மூடிகளையும் அவள் ஒருமுறை பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். ‘செ’ என்று ஒரு மூடியும் இல்லை. செல்வி என்று ஒருத்தி நாற்பது வருஷம் இந்த அடுப்பு முன்னால் நின்றாள் என்பதற்கு அந்தப் பலகையில் ஒரு அடையாளமும் இல்லை. முப்பத்தாறு வயது வரை இது தன் கண்ணில் படவே இல்லை என்பது யசோதராவுக்கு உறைத்தது. ஆனால் அந்தக் கோபத்தைத் தன்மேல் காட்டிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. அதற்குக் கூடத்திலும் வாசலிலுமாக இரண்டு ஆம்பிளைகள் இருந்தார்கள்.

ஆவக்காய் பாட்டிலைக் கொண்டுவந்து அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தாள்.

"அம்மாவுக்கு எது புடிக்கும்?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா கேக்குற?"

"பாத்துக்கு ஆவக்கா, தயிருக்கு லெமன், எல்லாம் சொல்றியே. அம்மாவுக்கு எதுக்கு எது புடிக்கும்? சொல்லு."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். சும்மா சொல்லக் கூடாது, உண்மையாகவே யோசித்தார். "அவ இன்னா வெச்சாலும் துன்னுவா. இதுதான் வேணும்னு அவளுக்கு எதுவும் இல்ல."

பாரி வாசல்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நான்கு வயது இளையவன், பங்காருபேட்டையில் மெக்கானிக். அம்மா மீந்ததைத்தான் தின்னும், அது ஊருக்கே தெரியும் என்றான். அப்புறம் தலையைத் தூக்கி, "உனக்கு மட்டும் தெரியுமா இன்னா?" என்று கேட்டான்.

தெரியாது. தெரியாது என்பதுதான் அவளை எரித்தது.

"எனக்குத் தெரியறது இருக்கட்டும். சாவப்போற பொம்பள கடைசியா எங்கிட்ட இன்னா கேட்டுச்சி தெரியுமாடா? உன் மிளகாய வாங்கியாச்சான்னு கேட்டுச்சி. மூச்சு வாங்கிக்கினு கெடக்கும்போதும் உன் வாய்தான் அதுக்குக் கவல. நீ போன நோண்டிக்கினு குந்தினு இரு."

பாரி போனைக் கவிழ்த்து வைத்தான்.

நடந்தது அதுதான். வியாழக்கிழமை சாயங்காலம் யசோதரா ரயிலில் நின்றுகொண்டு வந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா போன் செய்தாள். நெஞ்சில் நீர் கோத்து அட்மிட் ஆகி மூன்றாவது நாள். குரல் எழும்பவில்லை. வரும்போது வினிகர் மிளகாய் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வா என்றாள். யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, யசோதராவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அம்மா எதைக் கேட்டாலும் அது வேறு யாருக்காவதுதான். அப்பாவின் மாத்திரை, பாரியின் மிளகாய், யசோதராவின் பூண்டு. நூடுல்ஸுக்கு வினிகர் மிளகாய் இல்லாவிட்டால் பாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். படுக்கையில் கிடந்துகொண்டும் பிள்ளைக்கு மிளகாயா என்று நினைத்தபடியே ராபர்ட்சன்பேட்டையில் வாங்கினாள். அன்றைக்கு அம்மா பக்கத்தில் அப்பா இருக்கிற முறை என்பதால் நேராக வீட்டுக்கு வந்து, அம்மா குடுக்கச் சொல்லிச்சி என்று பாரியின் கையில் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா கேட்டாள், மிளகாய் வாங்கினாயா என்று. வாங்கி பாரிகிட்ட குடுத்துட்டேன், ராத்திரியே பாதி பாட்டில் காலி பண்ணிட்டான் என்றாள் யசோதரா. அம்மா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நல்லா இருந்துச்சாமா?" என்றாள். "சரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். கட்டில் பக்கத்து ஸ்டூலில் ஆஸ்பத்திரிக் கஞ்சி தட்டு போட்டு மூடியபடி இருந்தது. இரண்டு வாய் குடி என்று யசோதரா கெஞ்சினாள், அதட்டியும் பார்த்தாள். வேண்டாம் என்று கையை ஆட்டினாள் அம்மா. விடிவதற்குள் போய்விட்டாள்.

அப்பா இன்னும் ஆவக்காயைத் தொடவில்லை. தட்டில் பாத்தை விரலால் கிளறிக்கொண்டே இருந்தார். வெளியே பௌத்த சங்கத்துக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் இதே வாசலில்தான் வெள்ளை உடுத்திய அவர்கள் மூன்று முறை சரணம் சொல்லி அம்மாவைத் தூக்கினார்கள். படையல், தீட்டு எதுவும் இவர்களுக்குள் கிடையாது. செத்தவர்களுக்குப் பிடித்ததை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டிருந்தால் இந்த மூன்று பேரின் மானமும் தெருவில் போயிருக்கும்.

அப்போதுதான் மாயாக்கா வந்தாள். மைசூர் மைன்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறவள். அம்மாவும் அவளும் பதினோரு வருஷமாக ஒரே அடுப்பில் வேலை பார்த்தவர்கள். காலையில் எல்லோரோடும் வந்து அழுதுவிட்டுப் போனவள், இப்போது ஒரு கையில் தூக்குச் சட்டியும் இன்னொரு கையில் துணிப்பையுமாக வந்து யசோதராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீ காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூட குடிக்கல, கூழ் கரைச்சி எடுத்துக்கினு வந்தேன் என்று தூக்கைத் திறந்தாள். கேழ்வரகுக் கூழ். பிறகு பையை அவள் மடியில் வைத்தாள்.

"இது உங்கம்மாளுது. ஸ்கூல் அலமாரியில இருந்துச்சி. வேற யாராவது எடுத்துட்டா எனக்குத் தாங்காது."

பையில் சமையலுக்குக் கட்டிக்கொள்ளும் துணி ஒன்று, ஒரு சில்வர் டம்ளர், ஒரு காலி ஜாம் பாட்டில். பாட்டிலின் மேல் மருந்து பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தது. செல்வி. அம்மாவின் கையெழுத்துதான், அந்த ‘வி’யின் சுழியை அவள் எப்போதும் பெரிதாகப் போடுவாள்.

யசோதரா மூடியைத் திறந்தாள். வாடை வந்தது.

"இதுல இன்னா இருந்துச்சி மாயாக்கா?"

"வினிகர் மிளகா. வேற இன்னா? புள்ளைங்க துன்னு போனதும் ரெண்டு மணிக்கு நாங்க குந்துவோம். அது சோத்தத் தொடாது. ஒரு டம்ளர் கூழு, நாலு மிளகா, அவ்வளவுதான் அதுக்கு."

கூழுக்கு யாராவது வினிகர் மிளகாய் தின்பார்களா என்று முதலில் தானும் சிரித்ததாக மாயாக்கா சொன்னாள். அம்மாவின் அம்மா மைன்ஸ் ஆபீசர் பங்களாவில் சமையல் செய்தவளாம். அங்கே மேஜையில் மீந்த வினிகர் மிளகாயைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வருவாளாம். வீட்டில் இருப்பது கூழ் மட்டும்தான். சின்ன வயதில் பிடித்த அந்த ருசி கடைசிவரை விடவில்லை. மாயாக்கா இதையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதையைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இத்த வூட்ல வெச்சிக்கினா இன்னான்னு கேட்டேன். அங்க வெச்சா பாரி துன்னுடுவான், அவனுக்கும் இதே நாக்கு, இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும்னு சிரிக்கும்."

வாசல்படியில் பாரி எழுந்து நின்றான்.

மாயாக்கா கவனிக்கவில்லை. பாட்டில் போன வாரமே தீர்ந்துவிட்டது என்றாள். "வியாழக்கெழம எனக்கு போன் பண்ணிச்சி. கஞ்சி எறங்கலடி, யசோகிட்ட மிளகா சொல்லிக்கீறேன், அது வந்தா ரெண்டு வாய் குடிச்சிடுவேன்னு சொல்லிச்சி. நீ எடுத்துக்கினு போய்க் குடுத்தியாம்மா? குடிச்சிதா?"

யசோதரா ஜாம் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். மாயாக்கா பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு பாரியைப் பார்த்தாள், அதற்கு மேல் கேட்கவில்லை.

அப்பாதான் பேசினார். "அவளுக்குக் காரம் ஆவாதே. ஆவாதுன்னுதான எப்பவும் சொல்வா" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று அவருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

"அப்டிச் சொன்னாதான உங்க பங்கு குறையாது" என்றாள் யசோதரா. உங்க என்று சொல்லும்போதே நாக்கு இடறியது. பாட்டிலைக் கொண்டுவந்து வேறு கையில் கொடுத்தது அப்பா இல்லை. தின்றவனுக்கும் தெரியாது. கேட்ட கேள்விக்குப் பெருமையாகப் பதில் சொன்னதும், கஞ்சியைக் குடி என்று அதட்டியதும் அவள்தான். எல்லார் மேலும் வீசிய கோபம் ஒரு சுற்று சுற்றி அவளிடமே வந்து நின்றது. அம்மா மேலும் கோபம் வந்தது. எனக்குத்தான்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லக்கூட இந்த வீட்டில் அவளுக்கு வாய் வரவில்லையே. புதைத்த மண்ணைத் தோண்டி எழுப்பி உலுக்க வேண்டும்போல இருந்தது.

எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்தாள். வியாழக்கிழமை வாங்கிய பாட்டில் கதவுப்பக்கம் நின்றது. பாரி மிச்சம் வைத்தது மூன்றே மிளகாய். அதை எடுத்து வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் டம்ளரில் மாயாக்கா கூழை ஊற்றிக் கொடுத்தாள். யசோதரா ஒரு வாய் குடித்து, மிளகாயைக் கடித்தாள்.

அவளுக்குப் பிடிக்கவில்லை. கூழ் ஒரு பக்கம் போயிற்று, வினிகர் புளிப்பு ஒரு பக்கம் போயிற்று. இதில் அம்மா என்ன ருசியைக் கண்டாள் என்று புரியவில்லை, கேட்கவும் ஆள் இல்லை. காம்பு வரைக்கும் கடித்து முடித்தாள்.

அப்பா பாத் தட்டை ஓரமாகத் தள்ளினார். "இங்க குடு" என்று கையை நீட்டினார்.

வினிகரைப் பினாயில் என்று சொல்கிறவர் அவர். பாரியின் பாட்டிலைத் தன் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைக்கக்கூட விடமாட்டார். யசோதரா டம்ளரையும் பாட்டிலையும் அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கூழைக் குடித்து, ஒரு மிளகாயை எடுத்துக் கடித்தார்.

சேராது என்று சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தை வந்தால் அவரைச் சும்மா விடுவதாக இல்லை.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றார். நெற்றியில் வேர்த்தது. மென்று முடித்ததும் காலி டம்ளரை மாயாக்கா பக்கம் நீட்டினார். அவள் தூக்கைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

பாட்டிலின் அடியில் ஒரே ஒரு மிளகாய் கிடந்தது. பாரி வந்து அதன் முன்னால் குந்தினான். பார்த்துக்கொண்டே இருந்தான், எடுக்கவில்லை.