வயிற்றுக்காரர்களின் சம்மதம்

துறைமுகத் தெருவில் ஒருவருக்கு மலேரியா வரவேண்டுமென்றால், முதலில் அவர் வயிற்றில் குடியிருக்கும் கிருமிகள் கூட்டம் போட்டுச் சம்மதம் தரவேண்டும். ஞானப்புவின் வயிற்றில் பாதிப்பேர் சரி என்றார்கள், பாதிப்பேர் கூடாது என்றார்கள். அதனால் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துபோனது.

அவன் மனைவி செசிலிக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அவன் ஆறு வருஷம் நாயாய் அலைந்து, இப்போதுதான் கப்பலில் சமையல்காரர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை உடல் பரிசோதனை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் வியாழன் காய்ச்சலின் முறை. இதுவும் கைநழுவினால் வேறு கதி கிடையாது.

ரத்தம் எடுக்க வந்த சுகாதாரப் பணியாளர் பரமசிவம், விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வாங்கிக்கொண்டார். பிறகு எவர்சில்வர் டம்ளரை ஞானப்புவின் தொப்புளில் கவிழ்த்துக் காதை வைத்தார். பல்வலிக்கு மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்கி மாத்திரை போட்டானாமே, அதில் பழைய குடித்தனக்காரர்கள் பலபேர் காலி. எதிர்த்துப் பேச ஆள் குறைந்துவிட்டது என்றார். காய்ச்சல் மாத்திரைக்கும் அவர்கள் கையெழுத்து வேண்டுமாம். பல்வலியைப் பற்றிச் செசிலியிடம் மூச்சு விட்டிருப்பானா, மனுஷன்!

அவள் டம்ளரைப் பிடுங்கி வாயை வைத்தாள். “உங்களுக்குச் சோறு போடுறது நான். அந்தக் காய்ச்சலை எதுக்கு உள்ள விட்டீங்க?”

உள்ளிருந்து நிதானமாகப் பதில் வந்தது. “சோறா? இவரு ஊருக்கெல்லாம் ஆக்கிப்போட்டுட்டு எங்களுக்குத் தினமும் பரோட்டாதாம்மா போடுறாரு.”

அன்றிலிருந்து மூன்று வேளையும் மோரும் நீராகாரமும்தான். ஞானப்பு முகத்தைச் சுளித்தான். அவள் மூக்கைப் பிடித்து ஊற்றினாள். புதுக் குடித்தனங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. புதன்கிழமைக் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. காய்ச்சல் பையைத் தூக்கிக்கொண்டு, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டது.

வியாழன் சாயங்காலம் ஞானப்பு திரும்பி வந்தான். சட்டை நடுவில் தொளதொளவென்று தொங்கியது.

“வேலை கெடச்சுதா?”

“வயித்துக்குக் கெடச்சுது. இவ்வளவு ஒத்துமையான வயித்தை அவங்க பார்த்ததே இல்லையாம். அப்பவே கப்பல்ல ஏத்திக்கிட்டாங்க. எனக்குக் கை நடுங்குதாம், வேணாம்னுட்டாங்க.”

செசிலி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் ஊற்றிய மோரை நினைக்க வயிறு எரிந்தது.

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். காய்ச்சல் பையோடு நின்றிருந்தது. எதிர்த்துப் பேச இனி ஆளில்லை என்று கேள்விப்பட்டதாம்.

“வந்து தொலை,” என்றாள் செசிலி. “செருப்பை வெளிய கழட்டிட்டு வா.”