ஓட்டுநர் எண் ஒன்று

தங்கபுஷ்பத்தின் கார் தினமும் காலையில் அவளைத் தவசிக்கனி என்று எடுத்துக்கொண்டது.

சாவியைத் திருப்பியதும் சீட் தானாகப் பின்னால் போகும். அவள் கணவர் தவசிக்கனி ஆறடி ஒரு அங்குலம். பள்ளிக்கூடத்தில் வாலிபால் சொல்லிக்கொடுத்தவர். தங்கபுஷ்பம் நாலடி பத்து. அவள் வேலை பார்த்த தபால் நிலையத்தில் அவளுக்கென்று தனியாக ஓர் உயர ஸ்டூல் போட்டிருந்தார்கள்.

காருக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. அதில் ஐந்து மாதம் அவர் ஓட்டினார். பிறகு அவர் இல்லை. அவள் அறுபத்தொரு வயதில் லைசென்ஸ் எடுத்தாள்.

சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றாம் எண் அவர் உட்காரும் அளவு. இரண்டாம் எண் அவளுடையது. அதை அழுத்தினால் வைப்பர் ஓடியது. ஹாரனை அழுத்தினால் டிக்கி திறந்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் எதிர்வீட்டில் கிரைண்டர் சுற்றியது. எதிர்வீட்டுக்காரி குறை ஒன்றும் சொல்லவில்லை. மாவு முன்னைவிட நைசாக இருக்கிறது என்றாள்.

இதையெல்லாம் தங்கபுஷ்பம் சமாளித்துவிட்டாள். சீட்டைத்தான் சமாளிக்க முடியவில்லை. அது நாளுக்கு நாள் கூடுதலாகப் பின்னால் போனது. வெளியே பார்த்தால் கார் அதே நீளம்தான். உள்ளே நீண்டுகொண்டே போனது. செவ்வாய்க்கிழமை சீட்டிலிருந்து ஸ்டியரிங் வரை நடக்க நாலு நிமிஷம் பிடித்தது. புதன்கிழமை கையில் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை நின்றுகொண்டே ஓட்டி சர்வீஸ் சென்டருக்குப் போனாள். துணைக்கு நாத்தனார் பவளக்கனி வந்தாள். அவளுக்கும் அண்ணனின் உயரம்தான், ஆனால் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. பின்சீட்டில் இருந்தாள். அவளிடம் பேச செல்போன் வேண்டியிருந்தது.

"மைனி, எங்க வந்திருக்கோம்?"

"ரவுண்டானா தாண்டியாச்சு."

"இங்க இன்னும் மார்க்கெட்டே வரலியே."

சர்வீஸ் சென்டரில் இசக்கிராஜ் என்ற இளைஞன் டை கட்டிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஜாப் கார்டை எடுத்தான்.

"என்ன கம்ப்ளைண்ட்டும்மா?"

"சீட்டு."

"என்ன செய்யுது?"

"அவுகள எதிர்பாக்கு."

எழுதிக்கொண்டான். கார்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது.

"ஒண்ணாம் நம்பர அழிச்சிட்டா சரியாப் போயிரும். அதுக்கு ஒண்ணாம் நம்பர் டிரைவர் கையெழுத்துப் போடணும். சார் எப்ப வருவாவ?"

"இறந்துட்டாவ."

"சரி. சனிக்கிழமை வர முடியுமா?"

"முடியாது."

"ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவு," என்றான் வருத்தத்தோடு.

"அழிச்சா என்னெல்லாம் போகும்?"

இசக்கிராஜ் திரையைத் திருப்பிக் காட்டினான். நாலு வரி இருந்தது. கால் நீட்டிய தூரம். முதுகு சாய்த்த கோணம். கண்ணாடியில் பார்த்த இடம். தலைக்கு மேல் மிச்சமிருந்த இடம், இரண்டு விரற்கடை.

அவள் நாலு வரியையும் இரண்டு தடவை படித்தாள். வீட்டில் சட்டைகளைக் கொடுத்தாயிற்று. பதினோராம் நம்பர் செருப்பு தெருவில் யாருக்கும் சேரவில்லை. அதையும் ஒருவழியாகத் தள்ளிவிட்டாயிற்று. அவ்வளவு பெரிய மனிதர் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார் என்ற கணக்கு இனி இங்கே மட்டும்தான் இருக்கிறது.

"அழிக்க வேண்டாம். ஆனா நான் ஓட்டணும்."

"ரெண்டும் வேணுமா?"

"ரெண்டும் வேணும்."

இசக்கிராஜ் எலக்ட்ரீஷியன் பீர் மைதீனைக் கூப்பிட்டான். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்கதவு வழியாகக் காருக்குள் போனார். பின்கதவு வழியாக வெளியே வந்தார். அதற்குள் கொஞ்சம் தாடி வளர்ந்திருந்தது.

"ஒயரிங்ல ஒரு குத்தமும் இல்லக்கா. சீட்டு மேல கம்பெனி பிளாஸ்டிக் கவர் அப்படியே கெடக்கே, ஏன் கழட்டல?"

"புது வண்டில்லா."

"அதாங் காரணம். அண்ணாச்சி எறங்கினது சீட்டுக்குத் தெரியாது. கவர் மேலயே உக்காந்தாவ, கவர் மேலயே எந்திரிச்சுப் போயிட்டாவ. அதுக்கு யாரு சொல்லுவா?"

"கவரக் கிழிச்சா?"

"தெரிஞ்சிரும்."

எல்லோரும் சீட்டைப் பார்த்தார்கள். சீட் ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது.

"சவத்துக் கவரக் கிழிச்சுப் போடுங்க மைனி," என்றாள் பவளக்கனி. "உக்காந்தா முதுகு வேர்த்து வடியுது."

"ஒரு வருசமாவது ஆகட்டும்."

"எங்க அண்ணனும் உங்ககிட்ட மாட்டிக்கிட்டு இப்படித்தான் வேர்த்தான்."

"அவுகளுக்கு எங்க வேர்த்துச்சு? கரண்டு போனா விசிறினது நாந்தான்."

பீர் மைதீன் தாடியைத் தடவினார். "அப்ப வண்டியத்தான் மாத்தணும்."

"வண்டியில கை வைக்க முடியாது பாய். வாரண்டியில இருக்கு," என்றான் இசக்கிராஜ். பிறகு தங்கபுஷ்பத்தை ஏற இறங்கப் பார்த்தான். "அம்மா, உங்க வாரண்டி எப்ப முடிஞ்சுது?"

"ரிட்டயர்டு ஆனப்ப."

"நல்லதாப் போச்சு. அப்ப உங்களத் திறக்கலாம்."

அதற்கு அவள் இருக்கிறாள் என்பதற்கு ஒரு சான்று வேண்டும் என்றார்கள். பென்ஷனுக்காக வாங்கிய உயிர்வாழ் சான்றிதழ் கைப்பையில் இருந்தது. நவம்பர் வரை செல்லும். இசக்கிராஜ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சீல் குத்தித் திருப்பிக் கொடுத்தான்.

அவளை லிஃப்டில் ஏற்றினார்கள். பீர் மைதீன் டெஸ்டரை வைத்துப் பார்த்தார்.

"நெஞ்சுல பன்னெண்டு வோல்ட்டு நல்லா இருக்கு. முட்டிக்குக் கீழ சப்ளை இல்ல. உள்ள ஒரு லைட்டு எரிஞ்சுக்கிட்டே கெடக்கே, எதுக்கு?"

"அது எரியட்டும்."

"பேட்டரி எறங்கிரும்க்கா."

"இது வரைக்கும் எறங்கல."

அவர் அதைத் தொடவில்லை. ஃபியூஸ் ஒன்றை மாற்றினார். பிறகு இழுத்து நீட்டுவதற்காக அவள் காலைப் பிடித்தார்.

"வலிக்குமா பாய்?"

"சிரிப்பு வரும்."

வந்தது. முதலில் கணுக்காலில் வந்தது. முட்டிக்கு ஏறியபோது அடக்க முடியவில்லை. மூன்று மாதமாக அவள் சிரித்திருக்கவில்லை. சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. காத்திருப்போர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் காரணம் கேட்காமல் சிரித்தார்கள். நின்றிருந்த கார்கள் ஒவ்வொன்றாக ஹெட்லைட் போட்டன. லிஃப்ட் ஏறிக்கொண்டே போனது.

"மைனி, அங்கேருந்து எங்க வீடு தெரியுதா?" என்று கீழேயிருந்து கத்தினாள் பவளக்கனி.

"தெரியுது. உன் வீட்டுக்காரரு மாடில வத்தலுக்குக் காவல் இருக்காரு. நல்லாத் தூங்குதாரு."

"ஐயோ, காக்கா?"

"காக்காதான் காவல் காக்கு."

இறங்கியபோது சேலை முழங்காலில் நின்றது. இசக்கிராஜ் டேப்பைப் பிடித்தான். ஆறடி ஒரு அங்குலம். டையைச் சரிசெய்துகொண்டான்.

"இப்ப நீங்கதான் ஒண்ணாம் நம்பர். நீங்களே கையெழுத்துப் போடலாம். ஒண்ணாம் நம்பர அழிக்கவா?"

"வேண்டாம்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"ரெண்டாம் நம்பர்?"

"மழை பெய்யும்லா. வைப்பருக்கு இருக்கட்டும்."

காரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். சீட் பின்னால் போனது. கொஞ்ச தூரத்திலேயே, தேடியது கிடைத்ததுபோல், நின்றது. காரின் உள்பக்கம் சுருங்கி வந்தது. பவளக்கனி தூரத்திலிருந்து பின்சீட்டோடு வேகமாக வந்து சேர்ந்தாள். அவள் தலை கலைந்திருந்தது.

"செல்போன வச்சிருங்க மைனி, பக்கத்துலதான் இருக்கேன்."

தங்கபுஷ்பத்தின் பாதம் தானாகப் பெடலில் போய் உட்கார்ந்தது. முதுகு அந்தக் கோணத்தில் சாய்ந்தது. கண்ணாடியில் அவர் பார்த்த இடம் தெரிந்தது. கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டாள்.

இடது முட்டி ஸ்டியரிங்கின் அடியில் நங்கென்று இடித்தது.

இரண்டாவது கியருக்குக் காலைத் தூக்கினாள். மறுபடியும் இடித்தது. சீட்டை இன்னும் பின்னால் தள்ளிப் பார்த்தாள். இடமில்லை. அவ்வளவுதான் கார்.

இந்தக் காரைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். ஷோரூமில் பக்கத்திலேயே பெரிய வண்டி ஒன்று நின்றது. ஆனால் அவளுக்குப் பிடித்த நீலம் இதில்தான் இருந்தது. அவர் உள்ளே மடங்கி உட்கார்ந்து பார்த்தார். எடம் போதுமா என்று கேட்டாள். "தாராளமா இருக்குட்டி," என்றார். அதன் பிறகு ஐந்து மாதம். குற்றாலத்துக்கு இரண்டு தடவை, மதுரைக்கு ஒரு தடவை. அத்தனை கியருக்கும் இடித்திருக்கும்.

"தாராளமாம்!" என்றாள்.

"என்ன மைனி?"

"உங்க அண்ணன் சரியான புளுகன்."

"அது உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?"

"இப்பத்தான் தெரியும்."

மூன்றாவது கியர் போட்டாள். இடித்தது. நாலாவது போட்டாள். இடித்தது. சாலை காலியாகத்தான் இருந்தது. வீடு வரைக்கும், தேவையே இல்லாமல், கியரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போனாள்.