இஸ்திரி அக்காவுக்காக ஒரு ஜெப விண்ணப்பம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சலவைக்கூடத்தில் இது தெரியாதவர் இல்லை. அந்தக் கோபத்தோடு வருஷக்கணக்காகக் குப்பை கொட்டுகிற ஒரே ஆள் இஸ்திரி அக்காதான்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், அக்கா இஸ்திரி போட்டு முடித்த கட்டில் விரிப்புகளை இருவருமாக மடிப்பது எங்கள் வேலை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, பிறகு எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். முகம் பார்க்காமல் செய்ய முடியாது.

அக்காவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. சாப்பாட்டுக்கு முன் நான் கண்ணை மூடினால் போதும், என் டப்பாவிலிருந்து முட்டை காணாமல் போயிருக்கும். "பகிர்ந்து சாப்பிடுன்னு உங்க இயேசு சொன்னாரா இல்லையா?" என்பாள். நான் சண்டைக்குப் போவேன். மறுநாள் இரண்டு முட்டை வைத்துக் கொண்டுபோவேன். "அவங்கள இன்னும் சபைக்குக் கூப்பிடலையா?" என்று எங்கள் பெண்கள் கூட்டத்தில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எப்படிக் கூப்பிடுவது? இத்தனை நாள் பழகியது இதற்குத்தானா என்று அவள் நினைத்துவிட்டால்?

ஒருநாள் விரிப்பு மடிக்கும்போது அக்கா குரலைத் தாழ்த்தினாள். "மார்புல ஒரு கட்டிடி. ஊசி போட்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லல. நீ வாயத் தொறந்த, அவ்வளவுதான்."

அந்த வாரக் கூட்டத்தின் முடிவில், "யாருக்காவது ஜெப விண்ணப்பம் இருக்கா?" என்று கேட்டார்கள். அடக்க முடியவில்லை. கூட வேலை செய்கிற அக்கா, இஸ்திரி போடுகிறவள், மார்பில் கட்டி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெயரைச் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் வேறு. மடச்சி! இஸ்திரி போடும் அக்கா எங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

எங்கள் கூட்டத்தில் ஸ்பீக்கர் என்று பட்டப்பெயர் வாங்கிய ஒருத்தி உண்டு. ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில்தான் அவளுக்கு வேலை. மறுநாளே கீழே இறங்கி வந்து அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "கவலைப்படாதீங்க சிஸ்டர்! உங்க கட்டிக்காக நாங்க அத்தன பேரும் ஜெபிக்கிறோம்!"

மெஷின் இரைச்சலையும் மீறி அது எல்லார் காதிலும் விழுந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். அடுத்த விரிப்பை அவள் வெடுக்கென்று இழுத்ததில் என் கையிலிருந்த முனைகள் நழுவித் தரையில் விழுந்தன. "எடு" என்றாள். அன்று சாப்பாட்டுக்கு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். என் டப்பாவில் இரண்டு முட்டையும் அப்படியே கிடந்தன.

ஜெபம் பண்ணத்தானே சொன்னேன் என்று எனக்கும் சுர்ரென்று ஏறியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனதுக்குள் அவளோடு வாதாடினேன். ஒரு வாதமும் நிற்கவில்லை.

காலையில் விரிப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். "தப்பு என்னுதுதான்கா. ஜெபம்னு பேரு வச்சு உன் விஷயத்த ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

"உங்க சாமிகிட்ட நீ என்ன வேணா சொல்லிக்கோ. அவர் போய் யார்கிட்டயும் உளறப்போறதில்ல. அத்தன பேரு எதுக்குடி?" அவள் குரல் உடைந்தது. "வீட்டுக்காரர் காதுக்கும் போயிடுச்சு. ராத்திரி பூரா அழுதாரு. அதப் பாக்க முடியாதுன்னுதானே மறைச்சேன்."

செத்துப் போகலாம் போல இருந்தது. அடுத்த கூட்டத்தில் எழுந்து, நான் செய்தது துரோகம், இனி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்றேன். ஸ்பீக்கர், "அன்புலதானே..." என்று இழுத்தாள். "கொஞ்ச நாள் வாயப் பொத்திக்கிட்டு அன்பு காட்டுவோம்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு பல நாள் வேலை மட்டும்தான் நடந்தது. ஒரு மத்தியானம் விரிப்பின் முனைகளைச் சேர்க்க வந்த அக்கா என் கையை விடவில்லை. "ரிசல்ட் வந்திருக்காம். வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போனா அங்கயே மயங்கி விழுவாரு. நீ வா."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரிசல்ட் என்னவோ, என்னை அவள் கூப்பிட்டுவிட்டாள்.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "அந்த ஜெபத்தப் பண்ணு. எனக்கு மட்டும் கேக்கணும்" என்றாள். தெரிந்த பெரிய பெரிய வார்த்தையெல்லாம் எங்கேயோ ஓடிப்போய்விட்டது. "ஆண்டவரே, அக்கா பயந்துபோயிருக்கா. நானும்தான். கூடவே இருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்கா."

"பரவாயில்ல. புரியுது."

வெறும் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அக்கா அவரை இன்னொரு தடவை சொல்லவைத்தாள். வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதாள். நான் அவளைவிடச் சத்தமாக அழுதேன்.

"நீ எதுக்குடி ஒப்பாரி வைக்கிற? கட்டி எனக்குத்தானே?" வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்தாள். "உங்க கூட்டத்துக்கும் சொல்லணுமே."

"சத்தியமா மூச்சுக்கூட விடமாட்டேன்கா!"

"நீ விடவேணாம். என் விஷயத்த நானே வந்து சொல்றேன். உங்க சாமிக்கும் ஒரு வார்த்தை சொல்லணும். நம்பறேனா இல்லையாங்கறத அப்புறம் பாத்துக்கலாம். எத்தன மணிக்கு ஆரம்பிப்பீங்க?"

இத்தனை வருஷமாகக் கூப்பிட வாய் வராமல் இருந்தவள் நான். இப்போதும் வரவில்லை, விரல்களை விரித்து மணியை மட்டும் காட்டினேன்.

கீழே இறங்கும்போது அக்கா படியில் நின்றாள். "அங்க ஜெபம் பண்றப்ப எல்லாரும் கண்ண மூடிப்பீங்க இல்ல?"

"ஆமா."

"நீ மட்டும் மூடாத. புது இடம், எனக்குத் துணை வேணும்."