முதல் பேஸ் வரை

திரையில் நான் பெரிய ஆள். போன குளிர்காலத்தில் மட்டும் பேஸ்பால் வீடியோ கேமில் நாற்பத்தொரு ஹோம் ரன் அடித்திருக்கிறேன். மட்டையில் பட்ட பந்து மைதானத்தைத் தாண்டிப் போய்ப் பார்வையாளர்களுக்கு நடுவே விழும். நான் ஆராவ் நகரில் என் வாடகை அறையில் நாற்காலியில் சம்மணம் போட்டபடி தேநீர் குடிப்பேன். எம்மன்புரூக்கேயில் அம்மா அப்பாவோடு இருக்கும் என் தம்பி கிஷோபன் ஹெட்போனுக்குள்ளிருந்து, "அக்கா, நீ ஏமாத்துறாய்" என்று கத்துவான். தோற்பவன் அப்படித்தான் கத்துவான். பதினேழு வயதுதானே, போகப் போகத் திருந்துவான்.

புல்லில் கதை வேறு.

என் பெயர் வேணுகா. கல்லூரியில் மின்பொறியியல், இரண்டாம் ஆண்டு. வசந்தம் தொடங்கியபோது கல்லூரி உணவகத்துச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். பேஸ்பால் அணிக்கு ஆட்கள் தேவை, ஆண் பெண் யாரும் வரலாம், அனுபவம் அவசியமில்லை. கடைசி வரியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குத்தான் ஏழு வருட அனுபவம் இருக்கிறதே! போய்ச் சேர்ந்தேன். ஆட ஒன்பது பேர் வேண்டும், நான் பத்தாவது ஆள். பெரிய போட்டிக்கு நடுவே என்னைத் தெரிவு செய்தார்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்று நல்லவேளை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த அணி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வியாழன் மாலைகளில் ஆய்வுகூடத்தில் நாள் முழுக்கக் கம்பிகளோடு மல்லுக்கட்டிவிட்டு மைதானத்துக்குப் போவேன். அது உண்மையில் கால்பந்து மைதானம். நாங்களே சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, ஆடி முடிந்ததும் நாங்களே அழித்துவிட்டு வர வேண்டும். இடப்பக்க வேலிக்கு அப்பால் வரிசையாகத் தோட்டங்கள். பந்து அங்கே விழுந்தால் அடித்தவரே போய் வாசலில் நின்று, தோட்டக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு வாங்கி வர வேண்டும். ஒருமுறை லூக்கா என்ற பையன் பந்தோடு இரண்டு கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு வந்தான். அவற்றை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. நான் பொரித்துக் குழம்பு வைத்தேன். இருவருமாகப் பானையை வழித்துச் சாப்பிட்டோம்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், பந்தை அடிப்பதில் எனக்குப் பெரிய சிக்கல் இல்லை. நான்கு ஆட்டங்களில் மூன்று முறை நன்றாகவே அடித்தேன். மூன்று முறையும் அடித்துவிட்டு நின்றேன்.

பேஸ்பாலில் அடித்த பந்து மைதானத்துக்குள் விழுந்தால் ஓடியே ஆக வேண்டும். வலப்பக்கம் தொண்ணூறு அடி தள்ளி வெள்ளைத் தலையணை மாதிரி ஒரு திண்டு தரையில் கிடக்கும். அதுதான் முதல் பேஸ். பந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் நீங்கள் போய்ச் சேர வேண்டும். யோசிக்கவெல்லாம் நேரமில்லை. நானோ மட்டையைப் பிடித்தபடி பந்து போகும் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, எனக்குக் கை நன்றாகவே ஓடியது. கால்தான் மக்கர் பண்ணியது.

இதற்கு இரண்டு குற்றவாளிகள். முதலாவது அந்த வீடியோ கேம். அதில் பொத்தானை அழுத்தி அடித்துவிட்டால் போதும், ஆள் தானாகவே ஓடுவான். ஏழு வருடமாக என் ஓட்டமெல்லாம் வேறு யாரோதான் ஓடினார்கள்.

இரண்டாவது அப்பா. அப்பாவின் பெயர் குகநாதன். கிழமை நாட்களில் தொழிற்சாலையில் வேலை, கோடையில் தமிழ் விளையாட்டுக் கழகங்களின் கிரிக்கெட் போட்டிகளுக்கு அம்பயர். லுட்சேர்ன் பக்கத்தில் 'அம்பயர் அண்ணை' என்றால் தெரியாத கழகம் கிடையாது. சொந்த மைத்துனருக்கே விரலைத் தூக்கிவிட்டு அடுத்த பொங்கல் வரை பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த மனிதர். பன்னிரண்டு வயதுவரை நானும் பையன்களோடு அங்கே ஆடியிருக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஆள் 'யேஸ்' என்று கூப்பிடாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. ஒருநாள் அவசரப்பட்டு ஓடி ரன் அவுட் ஆனேன். கார் வீட்டு வாசலுக்கு வரும்வரை திட்டு விழுந்தது. அன்றிலிருந்து என் கால் கூப்பிட்டால்தான் போகும். பேஸ்பாலிலோ எதிர்ப்பக்கத்தில் ஆளே இல்லை, பிறகு யார் கூப்பிடுவது?

முதல் தடவை அணியே விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாவது தடவை பாதிப்பேர் சிரித்தார்கள். மூன்றாவது தடவை ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு வலித்தது.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்திய வியாழன், பயிற்சியாளர் ரேட்டோ என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரேட்டோ குரலை உயர்த்தவே தெரியாத மனிதர். அன்று இன்னும் மெதுவாகப் பேசினார்.

"வேணுகா, ஒவ்வோர் அணியிலும் ஆட்டத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுத ஓர் ஆள் இருக்க வேண்டும். எங்கள் ஆள் இலையுதிர் காலத்தில் வெளிநாடு போகிறார். விதிகளெல்லாம் எங்களில் உனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதற்கான பயிற்சி வகுப்புக்கு உன் பெயரைக் கொடுக்கட்டுமா?"

எவ்வளவு மரியாதையாகக் கழற்றிவிடுகிறார் பாருங்கள். மட்டையைப் பிடுங்கிக்கொண்டு பென்சிலைக் கையில் கொடுக்கிறார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நான் எழுத வரவில்லை, ஆட வந்தேன்" என்றேன்.

அவர் தொப்பியைச் சரிசெய்தார். "சரி. ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிபூர்க் அணி வருகிறது. நீ ஆடு. ஒரே ஒரு தடவை முதல் பேஸுக்குப் போய்ச் சேர். சேர்ந்தால் அடுத்த வருடமும் உன் இடம் உனக்கு. சேராவிட்டால் வகுப்புக்குப் போ."

"சரி" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு அறைக்கு வந்து கட்டிலில் குப்புற விழுந்தேன். பெரிய வீரனாக வேண்டுமென்று நான் கேட்கவில்லை. அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேலிக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்து அவர்கள் ஆடுவதை எழுத என்னால் முடியாது.

கிஷோபனிடம் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்காமல் எதையோ தட்டித் தேடினான்.

"அக்கா, செற்றிங்ஸில ஆள் தானா ஓடுறதை நிப்பாட்டலாம். நீயே பொத்தானை அமத்தினாத்தான் ஓடுவான். மூண்டு நாளைக்கு அப்பிடி விளையாடு."

"அது வந்து என்ரை காலுக்கு என்னண்டு பழகும்?"

"பொத்தானை அமத்தேக்க எழும்பி நில். சொல்லுறதைச் செய்யன்."

செய்தேன். அடித்ததும் பொத்தானை அழுத்தி, நாற்காலியைத் தள்ளி எழுந்து, கதவுவரை ஓடித் தொட்டுவிட்டு வருவேன். வருவதற்குள் திரையில் இன்னொருவன் அவுட்டாகியிருப்பான். பதினான்குக்குப் பூச்சியம் என்று தம்பியிடம் தோற்றேன். அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டி, எல்லாம் சரிதானா என்று கேட்டாள். உடற்பயிற்சி என்றேன்.

ஞாயிறு காலை மைதானத்துக்குப் போனால், வேலியோரம் அப்பா நிற்கிறார். வெள்ளைத் தொப்பி, கைகள் பின்னால் கட்டு, அம்பயர் நிற்கும் அதே நிலை. தம்பி போட்டுக்கொடுத்துவிட்டான் என்று புரிந்தது. பேஸ்பாலைப் பற்றி அப்பாவுக்கு எதுவும் தெரியாது. வந்ததில் எனக்குச் சந்தோசம்தான், அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் முறை மட்டை பிடித்தபோது மூன்று பந்தையும் தவறவிட்டு அவுட். இரண்டாவது முறை அடித்தேன். தரையோடு தரையாக, இரண்டு பேருக்கு நடுவே போன அடி. பொத்தான், நாற்காலி, கதவு! கால் கிளம்பிவிட்டது. பாதித் தூரம் போயிருப்பேன், வேலிப் பக்கமிருந்து சிம்மக்குரல் வந்தது.

"நில் பிள்ளை! நில்!"

நின்றுவிட்டேன். மூளைக்குச் செய்தி போகும் முன்னேயே என் கால் அப்பாவுக்குக் கீழ்ப்படிந்துவிட்டது. பந்து முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அவுட்.

தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நேரே வேலிக்குப் போனேன்.

"ஏனப்பா நிக்கச் சொன்னனீங்கள்?"

"பந்து பொறுக்கினவன்ரை கையில அது இருந்தது. ஓடியிருந்தா ரன் அவுட்."

"இதில ஓடாட்டிலும் அவுட் தான் அப்பா! அடிச்சா ஓடத்தான் வேணும். யோசிக்கக் கூடாது."

"அடிச்ச ஆளுக்கு நிக்கிறதுக்கு உரிமை இல்லையோ?" அப்பாவுக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. "இதென்ன விளையாட்டு பிள்ளை?"

"இண்டைக்கு நான் அந்தப் பேஸுக்குப் போகாட்டி என்னை வெளியில இருத்திப் போடுவினம். விளங்குதோ?" சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "சரி. இனி வாய் திறக்க மாட்டன்."

கடைசிச் சுற்று வந்தது. ஆறுக்கு ஆறு. எங்களுக்கு ஏற்கனவே இரண்டு பேர் அவுட், இன்னொருவர் அவுட் ஆனால் சுற்று முடிந்தது. லூக்கா மூன்றாவது பேஸில் நிற்கிறான். அவன் 'வீட்டுக்கு', அதாவது நான் மட்டை பிடிக்கும் இடத்துக்கு, வந்து சேர்ந்தால் வெற்றி எங்களுக்கு. மட்டை பிடிக்கும் முறை என்னுடையது. ரேட்டோ எனக்குப் பதிலாக அனுப்ப யாராவது இருக்கிறார்களா என்று இருக்கைப் பக்கம் பார்த்தார். நான் அதைக் கவனித்தேன். அங்கே இருந்தவன் கணுக்காலில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதல் பந்து, மட்டையை வீசினேன், காற்று. இரண்டாவது பந்து, காற்று. மூன்றாவது பந்து நேராக வந்து கடைசி நொடியில் கீழே விழுந்தது. திரையில் அந்தப் பந்தை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன், ஒருபோதும் ஏமாந்ததில்லை. புல்லில் ஏமாந்தேன். மட்டை முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. நடுவர் கையைத் தூக்கினார்.

முடிந்தது. அப்பா வளர்த்த பிள்ளை நான். அவுட் என்றால் முகம் சுளிக்காமல், விரலுக்குக்கூடக் காத்திராமல் நடந்து வெளியே போக வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். திரும்பி ஓர் அடி வைத்தும்விட்டேன்.

அப்போதுதான் பந்து கண்ணில் பட்டது. எனக்குப் பின்னால் குந்தியிருந்த பிடிப்பாளரின் கையுறையில் பட்டுத் தெறித்து, வேலியை நோக்கி அது உருண்டுகொண்டிருந்தது. பேஸ்பாலில் ஒரு விசித்திரமான விதி உண்டு. மூன்றாவது பந்தைத் தவறவிட்டவர் அவுட் தான், ஆனால் அந்தப் பந்தைப் பிடிப்பாளர் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால், ஏற்கனவே இரண்டு பேர் அவுட்டான நிலையில், அவர் ஓடலாம். முதல் பேஸுக்குப் பந்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டால் தப்பித்தார்.

மட்டையை எறிந்துவிட்டு ஓடினேன். அப்படி நான் வாழ்க்கையில் ஓடியதில்லை. லூக்கா 'வீட்டை' நோக்கி ஓடுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. எதிரணியில் யாரோ பிரெஞ்சில் கத்தினார்கள். வேலிப் பக்கமிருந்து சத்தமே இல்லை. முதல் பேஸில் நின்ற ஃப்ரிபூர்க் பையன் கையை நீட்டினான், எட்டி நீட்டினான், பிறகு துள்ளினான். பிடிப்பாளர் ஓடிப்போய் எடுத்து எறிந்த பந்து அவன் தலைக்கு மேலே போனது. என் கால் அந்தத் திண்டில் பட்டது.

லூக்காவும் வீடு சேர்ந்துவிட்டான், வெற்றி எங்களுக்கு. அடுத்த கணம் ஒன்பது பேரும் என்மேல் விழுந்தார்கள், கணுக்காலில் ஐஸ் கட்டியவன் உட்பட. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ரேட்டோ கடைசியாக வந்தார்.

"புத்தகத்தில் உன்னுடைய பெயருக்கு நேரே மூன்று பந்தையும் தவறவிட்டாய் என்றுதான் எழுதியிருக்கிறது" என்றார்.

"தெரியும்."

"எழுதுவதற்கு வேறு ஆள் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்புக் கோடுகளை அழிக்கப் போனார்.

அப்பா வேலியைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். முகத்தில் சந்தோசம் பாதி, கவலை பாதி.

"நீ அவுட் தானே பிள்ளை? அம்பயர் கை தூக்கினவர். நான் கண்டனான்."

"ஓம் அப்பா. அவுட் தான்."

"அவுட்டாகினாப் பிறகும் ஓடலாமோ?"

"இதில ஓடலாம்."

அப்பாவுடைய நாற்பது வருட அம்பயர் வாழ்க்கையில் இப்படியொரு வழக்கு வந்ததில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராக ஃப்ரிபூர்க் அணியிடம் நடந்தார். அங்கே அந்தப் பிடிப்பாளர், பாவம், முகமூடியைக் கழற்றிவிட்டுத் தலையைக் கையில் பிடித்தபடி புல்லில் உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சு பேசுகிறவரிடம் அப்பா தன்னுடைய தொழிற்சாலை ஜெர்மனில், தன் மகள் அவுட் என்றும், குடும்பத்தின் சார்பில் வருத்தம் தெரிவிப்பதாகவும் விளக்கிக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் ஓடிப்போய் அவரை இழுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

அன்று நான் முதல் பேஸை விட்டு அசையவில்லை. மற்றவர்கள் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். லூக்கா வந்து, அந்தத் திண்டையும் எடுத்து வைக்க வேண்டும், இறங்கு என்றான். இன்னும் ஒரு நிமிடம் என்றேன்.