அமாவாசையன்று தறியில் அமர்ந்த முதலாளி

கண்ணமங்கலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஆரணிக்கு வந்து, தனகோடியின் பட்டுக்கடையில் ஒரு மாதத் தொழிற்பயிற்சியை முடித்திருந்தாள் சங்கீதா. அன்றன்று கற்றதைக் கல்லூரி கொடுத்த நோட்டில் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் முதலாளியிடம் சீல் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள்.

பாவம், உள்ளதை எழுதிவிட்டாள். 'புடவை மடித்தேன். இன்றும் புடவை மடித்தேன். முதலாளிக்கு டீ வாங்கி வந்தேன், சர்க்கரை கம்மி.'

தனகோடிக்கு மூக்கு சிவந்தது. சால்வைக்கென்றே பிறந்த தோள்கள் அவருடையவை.

"இன்னாம்மா எழுதிகினு வந்துகிற? நான் உனுக்கு ஒண்ணுமே சொல்லித்தரலயா?"

"சர்க்கரை கம்மின்னு சொன்னீங்க சார்."

"பேஜார் பண்ணாத. நான் சொல்றத ஜல்தியா எழுது, எல்லாத்துக்கும் சீல் குத்தறேன்."

விடிகாலையில் தாமே தறியில் உட்கார்ந்து அவளுக்கு நெய்து காட்டியதாகச் சொல்லிக்கொண்டே போனார். காலியாக இருந்தது ஒரே பக்கம், கடைக்கு லீவு விட்ட நாளுடையது. அதில் எழுதினாள். சீல் விழுந்தது. அவர் அதைப் படமெடுத்து ஊர் முழுக்க வாட்ஸப்பில் அனுப்பினார்.

மதியத்துக்குள் நெசவாளர்கள் வாசலில் நின்றார்கள். முன்னால் பச்சையப்பன்.

"மொதலாளி, அந்தத் தேதி அமாவாசைங்க. ஊர்ல ஒரு தறி ஓடாது. நீங்க மட்டும் நெய்ஞ்சிகினு இருந்தீங்களாமே?"

தனகோடி விழித்தார். காலண்டரில் அவர் முகூர்த்த நாள் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

"கட்டுப்பாட்ட ஒடச்சவருக்கு யாரும் நெய்ய மாட்டோம். நீங்க நெய்யக் குடுத்த பாவு நூலெல்லாம் திருப்பி அனுப்பிடறோம்."

"அடப்பாவிங்களா, நான் எங்கப்பா உக்காந்தேன்? வூட்ல தூங்கிகினு இருந்தேன்!" என்று பக்கத்தைக் கிழிக்கப் பாய்ந்தார்.

சங்கீதா நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கிழிச்சா என் பரீட்சை போயிடும் சார். கீழ திருத்தி எழுதிடறேன்."

'மேற்கண்டது தவறு. அமாவாசையன்று முதலாளி தறியில் உட்காரவில்லை.' உரக்கப் படித்தாள்.

"மத்த நாள்ல?" என்றான் பச்சையப்பன், வெகு பணிவாக.

பேனா காத்திருந்தது. முகூர்த்தப் புடவை ஆர்டர்களும்தான்.

"உக்காந்ததில்ல," என்றார் தனகோடி, தம் சட்டைப் பொத்தானிடம்.

அதையும் எழுதினாள். "சீல், சார்."

குத்தினார். பக்கத்தின் உச்சியில் 'இன்று கற்றது' என்று கல்லூரிக்காரர்கள் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தார்கள்.