கோதைநாயகியிடம் கேட்கப்படும் கேள்விகள்

தும்பி என்ற பிரவுசரை உருவாக்கும் நான்கு பேரிடம் யார் எதைக் கேட்டாலும், முதல் பதிலைத் தேடல் நிறுவனத்து ஆள்தான் சொல்வார். பிரவுசரை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. அதில் தட்டப்படும் கேள்விகள் முதலில் தன்னிடம் வரவேண்டும் என்று அந்தப் பெரிய நிறுவனம் பணம் தருகிறது, சம்பளம் அதிலிருந்துதான். போன வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது வாயால் கேட்கப்படும் கேள்விகளையும் சேர்த்துக்கொண்டார்கள். நியாயம்தானே.

அதனால் அந்த நால்வரில் ஒருத்தியான கோதைநாயகி எங்கே போனாலும் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு நிறுவனத்து ஆள் சபாபதி உட்கார்ந்திருப்பார். தங்கமான மனிதர். "சாப்டியா கண்ணு?" என்று அவள் அம்மா கேட்டால் முதலில் இரண்டு விளம்பரம் சொல்வார், பிறகு சரவணம்பட்டியில் உள்ள பத்து மெஸ்களின் பெயரைச் சொல்வார். அம்மாவும் கேட்டுக்கொண்டு தோசை ஊற்றப் போய்விடுவாள்.

வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளலாம். கோதையின் இடது மணிக்கட்டில் மூன்று சின்னக் கோடுகள் உண்டு. தொட்டால், யார் பதில் சொல்லலாம் என்ற பட்டியல் வரும். அவள் பெயர் அதில் கடைசி. கேட்கிறவர்தான் மாற்ற வேண்டும். அவளாகச் சொல்லிக்கொடுத்தால் ஒப்பந்தம் முறிந்து, மற்ற மூன்று பேர் வீட்டிலும் அடுப்பு எரியாது. இதுவரை யாரும் மாற்றியதில்லை. யாருக்கு அவ்வளவு பொறுமை?

கீழே மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நாகமாணிக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை மாடியேறி வந்தான்.

"என்னையக் கட்டிக்கிறீங்களாங்க?"

சபாபதி தொண்டையைச் செருமினார். ஒரு போட்டோ ஸ்டுடியோ, ஒரு வீட்டுக்கடன். பிறகு, "இதைக் கேட்டவங்க, ஜாதகம் பொருந்தலீன்னா என்ன பண்றதுன்னும் கேட்டிருக்காங்க" என்றார்.

நாகமாணிக்கம் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான். மறுநாளும் வந்து அதையே கேட்டான். மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு நாள் இவன் வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வதென்று கோதை யோசித்தாள். சுடிதார் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டாள். ஒப்பந்தத்தில் அதற்குத் தடையில்லை.

இருபத்திரண்டாம் நாள் அவன் குனிந்து பார்த்தான். "இதென்னுங்க கோடு?"

சபாபதி கோடுகளைப் பற்றிப் பத்துப் பதில் சொன்னார். நாகமாணிக்கம் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுக் கோட்டைத் தொட்டான். பட்டியலில் கடைசிவரை இறங்கி, அவள் பெயரைத் தேர்ந்தெடுத்து, கேள்வியைத் திரும்பக் கேட்டான்.

"கட்டிக்கிறேனுங்க" என்றாள் கோதை. சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

சபாபதி அதைக் குறித்துக்கொண்டார். இவ்வளவு தெளிவான பதில் அவருடைய நிறுவனத்துக்கு அதுவரை கிடைத்ததில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து, பஸ் நேரம் தேடியவர்களுக்கும் பல்வலிக்கு மருந்து தேடியவர்களுக்கும் முதல் பதிலாக வந்தது அதுதான்: கட்டிக்கிறேனுங்க.

பதில் கிடைத்தவர்களெல்லாம் தேதி குறித்துவிட்டதில், கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபமும் காலியில்லை. கோதைக்கும் நாகமாணிக்கத்துக்கும் தை மாதக் கடைசியில்தான் தேதி கிடைத்தது.